மனப்பாடம் செய்த குதிரை

அந்தக் குதிரை என் பொறுப்புக்கு வந்தது ஆடி மாதத்தின் கடைசி வாரம். என்னைவிட்டுப் போனது பொங்கல் கழிந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இடையில் நடந்தவற்றில் எது ஏற்றம், எது சறுக்கல் என்றுதான் இன்னும் பிரித்து எழுத வரவில்லை. எழுதி வைத்த குறிப்புகளைத் திரும்பப் படித்தால், மகிழ்ச்சியாக எழுதிய நாட்களெல்லாம் தவறு நடந்த நாட்களாக இருக்கின்றன.

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், மனை எண் எழுதிய கற்கள் நட்ட வெட்டவெளி வரும். அதன் நடுவில், தகரக் கூரை போட்ட லாயமும் மணல் பரப்பிய மைதானமுமாக எங்கள் குதிரைப் பயிற்சிப் பள்ளி. என் வீடு முகப்பேரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். நாற்பதை நெருங்கும் வயதில் குதிரை ஏறக் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாமே உண்மைதான் என்று நினைக்கிறேன்.

அவன் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. செம்பழுப்பு நிறம், பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. ரேஸ் குதிரைகள் வேகம் குறைந்ததும் எங்களுடையதைப் போன்ற பள்ளிகளுக்கு வந்து சேரும். ஓடு என்பதைத் தவிர அவற்றிடம் யாரும் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவனை ஈவென்ட்டிங் போட்டிக்குத் தயார் செய்ய வேண்டும். ஈவென்ட்டிங் மூன்று நாள் சமாசாரம். முதல் நாள் டிரெஸ்ஸாஜ்: சின்ன மைதானத்துக்குள், குறித்த இடத்தில் திரும்பி, குறித்த இடத்தில் நடை மாற்றி, நடுவர் முன்னால் ஒரு பாடத்தை ஒப்பிப்பது. இரண்டாம் நாள் கிராஸ் கன்ட்ரி: திறந்த வெளியில் மரத்தடி, பள்ளம், தண்ணீர் என்று தாண்டிப் பாய்வது. மூன்றாம் நாள் ஷோ ஜம்பிங்: தட்டினால் விழும் கம்புகளை எண் வரிசைப்படி தாண்டுவது. மூன்றையும் ஒரே குதிரையும் ஒரே ஆளும் செய்ய வேண்டும்.

எங்கள் பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அவனை என்னிடம் ஒப்படைத்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, ஓப்பனா சொல்றேன். இவனை ரெண்டு பேர் கேக்கறீங்க. நீங்களும், அந்த ஆவடிப் பொண்ணும். ஜனவரில பெங்களூர்ல ஈவென்ட் இருக்கு. மூணு நாளும் முடிச்சிட்டு வாங்க, இவன் உங்களோடவே இருக்கட்டும். முடிக்கலைன்னா அவகிட்ட குடுத்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன் மேடம்."

"இப்பவே கண்ணு கலங்குது."

"தூசி."

"சரி, தூசி."

ஆவடிப் பெண் கல்லூரியில் படிப்பவள். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. என்னைவிட நன்றாகக் குதிரை ஓட்டுவாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். அப்படியிருக்க முதல் வாய்ப்பை எனக்கு ஏன் தந்தார் என்பது எனக்குப் புரியாத விஷயங்களில் முதலாவது.

புரட்டாசியில் இருமுறை என்னைக் கீழே தள்ளினான். அவனைப் பராமரிக்கிற சைஸ், பாடியைச் சேர்ந்தவர், ரேஸ் லாயங்களில் வேலை பார்த்தவர், முதல் முறை மணலைத் தட்டிவிட்டபடியே காரணம் சொன்னார்.

"ரேஸ் குதிரைக்கு ஒரு பக்கம்தான் திரும்ப வரும்க்கா. அதான் இந்தப் பக்கம் உதறிக்கினு போவுது."

இரண்டாவது முறை, "அவன் ரெண்டு பக்கமும் சோக்காத்தான் திரும்புறான். நீதான் கோணலா குந்திகினு கீற" என்றார்.

"போன வாரம் வேற சொன்னீங்களே?"

"அது போன வாரம்க்கா."

டிரெஸ்ஸாஜ் மைதானத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நிற்கும். ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப். ஆங்கில அகரவரிசையில் இல்லை. நான் அறிந்த எந்த வரிசையிலும் இல்லை. காரணம் தெரியாமல் ஒன்றை நெட்டுருப் போட எனக்குப் பிடிக்காது. புத்தகங்களில் தேடினேன். ஒன்று, ஏதோ ஓர் அரண்மனை லாயத்துச் சுவரில் எழுதியிருந்தது என்கிறது. இன்னொன்று, குதிரைப்படைக்காரர்களின் பழக்கம் என்கிறது. மூன்றாவது, யாருக்கும் தெரியாது என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. எனக்கு மரியாதை அந்த மூன்றாவது புத்தகத்தின் மேல்தான்.

போட்டியில் பாடத்தை யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். மனதில் இருக்க வேண்டும். அதனால் எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர் டாங்குக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே, சாக்பீஸால் எட்டு எழுத்துகளை எழுதி, சாயங்காலங்களில் நானே குதிரையாக நடந்து பழகினேன். என் கணவர் டாங்க் படியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துப் படிப்பார்: "ஏ-யில் நுழை. நடுவில் நின்று வணக்கம். சி-யில் இடது."

இரண்டாவது மாடி மாமா துணி எடுக்க வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு நடையா?"

"இல்ல மாமா, இது வேற."

"வேறென்ன வேற, வளைஞ்சு வளைஞ்சுதானே போறேள். ஷுகரா?"

"குதிரைக்கு மாமா."

"குதிரைக்கு ஷுகரா!"

எங்கள் பகுதிப் பூங்காக்களில் சர்க்கரை குறைய எட்டுப் போட்டு நடக்கிறவர்கள் நிறைய உண்டு. மாமா அந்த வகையிலேயே இதையும் சேர்த்துவிட்டார். அடுத்த வாரம் மாமியையும் அழைத்து வந்து என் பின்னால் நடக்க ஆரம்பித்தார். "எட்டுப் போட்டா இவருக்குத் தலை சுத்தறது. இதுல நேர்க்கோடும் வரது, தேவலாம்" என்றார் மாமி. என் கணவர் "சி-யில் இடது" என்பார். மூன்று பேர் இடது திரும்புவோம். நடுவில் நின்று நான் நடுவருக்குத் தலை தாழ்த்தும்போது, மாமாவும் எதிரே காய்கிற வேட்டிக்குத் தலை தாழ்த்துவார். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐப்பசி மழையில் மைதானம் குளமாகி, பயிற்சி நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு முதல் தடவையாக ஒரு மாற்றம் தெரிந்தது. பாடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முழுதாக ஓட்டினால் அவன் அமைதியாக இருந்தான். பாதியில் நிறுத்தித் திரும்பச் செய்யச் சொன்னால் தலையை உதறினான். அமைதியாக இருக்கிறானே என்று தினமும் முழுதாகவே ஓட்டினேன். கழுத்து தணிந்தது, அடி சீரானது, திரும்ப வேண்டிய இடத்தில் கயிறு பிடித்ததுபோலத் திரும்பினான். என் குறிப்பில் அந்த வாரங்கள் முழுவதும் ‘நன்று’ என்றே இருக்கிறது.

திருக்கார்த்திகைக்கு மறுநாள் காலை. பாடத்தின் நடுவில் இருக்கும்போது, பக்கத்துச் சாலையில் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது. அவன் பயப்படவில்லை. எனக்குத்தான் மனம் வெறுமையாகிவிட்டது. அடுத்து என்ன என்று ஒரு சொல்லும் நினைவில் இல்லை. கை, கால் இரண்டையும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவன் தானாகவே ஈ-யில் திரும்பினான், மைதானத்தைக் குறுக்கே கடந்தான், பி-யில் இடது எடுத்தான், அடுத்த மூலையில் ஓட்டத்திலிருந்து நடைக்கு இறங்கினான். கடைசியில் நடுக்கோட்டில் வந்து நின்றான். வேலியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்த பயிற்சியாளர் கட்டை விரலை உயர்த்தி, "சூப்பர்க்கா!" என்றார்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். பி-யில் வலது கேட்டேன். இடதுதான் போனான். அழுத்திக் கேட்டேன். காதை மடித்துக்கொண்டு இடதே போனான்.

இதைச் சொன்னதும் பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தினமும் முழுசா ஓட்டினீங்களா? துண்டு துண்டா ஓட்டணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். முழுசா ஓட்டும்போதுதான் அமைதியா இருந்தான்."

"அது அமைதி இல்லக்கா. அவனுக்கு நீங்க தேவைப்படலை."

சைஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், இவன் படிச்சவன்னு" என்றார்.

"எப்ப சொன்ன?"

"மன்சுலதான் மேடம்."

அதன் பிறகு பாடத்தைக் கலைத்துப்போட்டு ஓட்டினோம். மார்கழி முழுவதும் எங்கள் இருவருக்கும் எதுவும் சரியாக வரவில்லை. நான் கேட்பதைச் செய்வதா, தனக்குத் தெரிந்ததைச் செய்வதா என்று ஒவ்வொரு எழுத்துப் பலகைக்கு முன்னும் தடுமாறினான். எனக்கும் அதே தடுமாற்றம். ஒரு திருப்பம் நன்றாக அமைந்தால், அது என் சொல்படி நடந்ததா, அவன் நினைவுப்படி நடந்ததா என்று தெரியாமல் ‘நன்று’ என்று எழுதக் கை வரவில்லை. இதற்கிடையில் போட்டி நடத்துபவர்களிடமிருந்து அறிவிப்பு வந்தது: இந்த முறை வேறு பாடம். படித்துப் பார்த்தோம். பாதி வரை பழையதேதான். பி-யில் மட்டும் இடதுக்குப் பதில் வலது. அதன் பிறகு எல்லாம் மாறுகிறது.

மொட்டை மாடியில் மாமாவிடம் சொன்னேன். "அதெல்லாம் முடியாதும்மா. இடது பழகிடுத்து" என்றார். அவரும் மாமியும் பழையபடியே நடந்தார்கள். பி-யில் நாங்கள் பிரிந்துபோக வேண்டியதாயிற்று.

போட்டி பெங்களூருக்கு வெளியே ஒரு புல்வெளியில். முதல் நாள் காலை குளிரில் அவன் மூச்சு புகையாக வந்தது. பாடத்தின் முதல் பாதி மொட்டை மாடியைப்போலவே சுலபமாகப் போனது. ஈ-யில் திரும்பிக் குறுக்கே வந்தோம். பி வந்தது. வலது கேட்டேன். அவன் இடது திரும்பினான். மணி அடித்தது. நடுவர் தன் சின்ன அறையிலிருந்து எட்டிப் பார்த்து, வலது என்று கையால் காட்டினார். மதிப்பெண் குறையும்; ஆனால் ஒரு தவறுக்கு வெளியேற்ற மாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் வலது கேட்டேன். பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான். எந்தப் பக்கமும் போகவில்லை. அவன் விலா என் காலுக்கடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். பொறுமையினால் அல்ல, என்ன செய்வதென்று தெரியாததால். பிறகு மெல்ல, ஏதோ புதிய இடத்துக்குள் காலை வைப்பதுபோல, வலது திரும்பினான். அதற்குப் பிறகு பாடம் முழுவதும் அவனுக்குத் தெரியாத பாடம். ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லும்வரை காத்திருந்தான்.

பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

இரண்டாம் நாள் நடந்ததை எப்படி வகைப்படுத்துவது என்று தெரியவில்லை. கிராஸ் கன்ட்ரிதான் எனக்குப் பயம். ரேஸ் குதிரை, திறந்தவெளி, இழுத்துக்கொண்டு ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். ஓடினான்தான். ஆனால் ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் வேகத்தை ஒரு இழை குறைத்து என்னை விசாரித்தான். ‘இதையா?’ ‘ஆமாம்.’ தாண்டினான். ‘இந்தத் தண்ணீருக்குள்ளா?’ ‘ஆமாம்.’ விளிம்பில் முன்காலைத் தரையில் உதைத்துப் பார்த்துவிட்டு இறங்கினான். ஆறு மாதத்தில் ஒருநாளும் அவன் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கடைசிக் கொடியைத் தாண்டியபோது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "அக்கா! என்ன பண்ணீங்க?"

"தெரியலை மேடம்."

"பரவாயில்ல, அதையே நாளைக்கும் பண்ணுங்க. ஜம்பிங் மட்டும் முடிச்சா போதும். ரெண்டு கம்பு விழுந்தாலும் பரவாயில்ல. முடிச்சா போதும். இவன் உங்களுக்குத்தான்."

மூன்றாம் நாள் காலை கால்நடை மருத்துவர் முன்னால் அவனை நடத்திக் காட்டினோம். கால்களில் காயமோ வீக்கமோ இல்லை. தடைகள் இருக்கும் மைதானத்தை நடந்து பார்த்தேன். எது முன், எது பின், எங்கே திரும்புவது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப நடந்தேன். தரப் பரிசோதனையில் இருப்பவள் நான். வரிசை தவறுவது என் சுபாவத்தில் இல்லை.

முதல் தடை, இரண்டாவது, மூன்றாவது, ஒன்றும் விழவில்லை. அடுத்தடுத்து நின்ற இரட்டைத் தடையையும் தாண்டினோம். அங்கிருந்து நேரே, மைதானத்தின் கோடியில் இருக்கும் நீலத் தடைக்குப் போக வேண்டும். நான் இடது திரும்பினேன். ஏன் இடது என்று இன்றுவரை தெரியாது. மூன்று மாதமாக மாடியில் பழகிய இடதா, முந்தின நாளின் கர்வமா, வெறும் வெறுமையா? இடது பக்கம் ஒரு பச்சைத் தடை நின்றது. அது வெகுநேரம் கழித்து வர வேண்டியது. என் கை காட்டிய உடனே, தயக்கமில்லாமல் திரும்பினான். அந்த மூன்று நாட்களில் அவன் தாண்டிய மிக அழகான தாண்டல் அதுதான்.

மணி அடித்தது. யாருக்கோ என்று நினைத்து அடுத்த தடையை நோக்கிப் போனேன். மறுபடியும் அடித்தது, விடாமல். வாசலிலிருந்து சைஸின் குரல் கேட்டது.

"யக்கா! மணி அடிக்குது, எங்கக்கா போற? வந்துடுக்கா!"

வரிசை தவறித் தாண்டினால் வெளியேற்றம். நான் வகுத்த விதியல்ல, ஆனால் எனக்கு மிக நன்றாகத் தெரிந்த விதி.

பயிற்சியாளர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என்னுடன் லாயம்வரை நடந்தார்.

"அவன் தப்பு பண்ணலைக்கா."

"தெரியும் மேடம்."

"நீங்க காட்டின பக்கம் வந்தான். ஆறு மாசமா அதைத்தானே அவன்கிட்ட எதிர்பார்த்தோம்."

"ஆமா."

"ஆனா சொன்னது சொன்னதுதான்."

"ஆமா மேடம்."

"தூசியா?"

"இல்ல. அழறேன்."

மறு ஞாயிறு அவன் கை மாறினான். ஆவடிப் பெண் லாய வாசலில் கொள்ளு வாளியுடன் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் வாளியைப் பார்த்தாள். "ஸாரிக்கா" என்றாள். "எதுக்கு?" என்றேன். இருவருக்கும் தெரியவில்லை. "பாடத்தை முழுசா ஓட்டாதே" என்றேன். "மேடம் சொன்னாங்கக்கா" என்றாள். அவன் வாளிக்குள் மூக்கை விட்டுக்கொண்டான்.

என் கணவர் அந்த மூன்றாம் நாளைக் கைபேசியில் படம் பிடித்திருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் பார்க்கத் துணிந்தேன். இரட்டைத் தடையைத் தாண்டி இறங்கியதும் அவன் தலை நிமிர்கிறது. நேராக, கோடியில் இருக்கும் நீலத் தடையைப் பார்க்கிறது. அதன் பிறகுதான் என் இடது கை அசைகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவனுக்கு அந்த வரிசை தெரிந்திருக்க வழியே இல்லை. எங்கள் இருவரில் அந்த மைதானத்தை நடந்து பார்த்தவள் நான் மட்டும்தான்.

கணவரிடம் காட்டினேன். "அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் வண்டி நின்னுச்சு. அதைப் பாத்திருப்பான்" என்றார். பயிற்சியாளரிடம் காட்டினேன். "எந்தக் குதிரையும் எதிர்ல இருக்கிறதைப் பாக்கும்க்கா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். சைஸ் ஒருநாள், "அவனுக்குத் தெரியும்க்கா, நீ சொன்னியேன்னு வந்துட்டான்" என்றார். இன்னொரு நாள், "குதிரைக்கு இன்னாக்கா தெரியும்" என்றார்.

அவனுக்கு ஒன்றும் தெரியாமல் என்னை நம்பி வந்திருந்தால் நான் இழந்தது ஒன்று. எப்படியோ தெரிந்தும் என் சொல்லுக்காகத் திரும்பியிருந்தால் இழந்தது வேறொன்று. இரண்டாவது பெரிது என்று சில நாள் தோன்றும், முதலாவது பெரிது என்று சில நாள் தோன்றும்.

மாசியில் ஆவடிப் பெண் செய்தி அனுப்பினாள்: ‘அக்கா, அவன் ஜம்பிங் வீடியோ இருந்தா அனுப்பறீங்களா? எப்படித் தாண்டறான்னு பாக்கணும்.’ என் தவறு வரும் இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். வெட்டாமல் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

‘அக்கா, அந்த இடத்துல அவன் நேரா பாக்கறானே. உங்க கைக்கு அப்ப ஏதாவது தெரிஞ்சுதா?’

அலுவலகத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் திறந்து மூடிப் பார்த்தேன். கடிவாள வாரில் மெல்லிய ஓர் இழுப்பு இருந்ததுபோலவும் இருந்தது. இவள் கேட்டதால் இருந்ததுபோலத் தோன்றுவதாகவும் இருந்தது. ‘தெரிஞ்சுது’ என்று எழுதி அழித்தேன். ‘தெரியலை’ என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், ‘சனிக்கிழமை வர்றேன். நீ ஓட்டு, நான் வேலியில நின்னு பாக்கறேன்’ என்று அனுப்பினேன்.